பிளாங்க் அடங்காத நான்கு நாட்கள்

ரத்தத்தில் ஈயம் பார்க்கும் பிரிவுக்கு என்னை மாற்றியபோது, உலோகத்தை ஆவியாக்கி, அது விழுங்கும் ஒளியை வைத்து அளவு சொல்லும் கிராஃபைட் ஃபர்னஸ் ஏ.ஏ.எஸ். மெஷினை ஓட்டக் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். மெஷின் இரண்டே நாளில் கைக்கு வந்துவிட்டது. பிளாங்க்தான், அதாவது பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்ட வேண்டிய வெறும் கரைசல்தான், அடங்கவில்லை.

ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. போட்ட ஊதா மூடி டியூபில் முழு ரத்தம் வேண்டும். சீரம் உதவாது, ஈயம் கிட்டத்தட்ட முழுவதும் சிவப்பணுக்களில்தான் இருக்கும். 50 மைக்ரோலிட்டர் ரத்தத்தோடு 450 மைக்ரோலிட்டர் கரைசல் சேர்ப்போம். சிவப்பணுவை உடைக்க டிரைட்டான் என்ற சோப்பு மாதிரிப் பொருள், ஈயம் முன்கூட்டியே ஆவியாகாமல் பிடித்துவைக்க அம்மோனியம் பாஸ்பேட், துளி நைட்ரிக் அமிலம். அமிலம் தூக்கலானால் புரதம் திரிந்து ஊசிக்குழாயை அடைத்துவிடும். முதல் நாளே அதையும் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்தக் கலவையில் ஒரு சொட்டு கிராஃபைட் குழாய்க்குள் காய்ந்து, கருகி, கடைசியில் 1,500 டிகிரிக்கு மேல் ஆவியாகும்போது 283.3 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்பதுதான் கணக்கு.

ரத்தமே சேர்க்காத பிளாங்க், ஒரு நாள் டெசிலிட்டருக்கு 1.4 மைக்ரோகிராம் காட்டியது, மறுநாள் 2.6. குழந்தைக்கு 3.5 வந்தாலே கவனிக்கச் சொல்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., 2021 முதல். இந்த லட்சணத்தில் யாருக்கு ரிப்போர்ட் கொடுப்பது? குழாயை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், புது ஆசிட் பாட்டில் திறந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

நான்காம் நாள் சீனியர் அக்கா வந்து நின்றார். "மெஷினை விடு தம்பி. சாம்பிள் ஊத்துற கப்பை எங்க காயவைக்கிற?"

10 சதவீத நைட்ரிக்கில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, அலசி, ஜன்னலோரம் டிஷ்யூ மேல். சொன்னேன். அக்கா ஜன்னல் கதவை ஒரு தட்டு தட்டினார். நகக்கண் அளவுப் பச்சை பெயிண்ட் பொருக்கு ஒன்று டிஷ்யூவில் விழுந்தது. பழைய கட்டடம், ஈயம் கலந்த பழைய எனாமல்.

அன்றிரவு பாதிக் கப்புகளை மூடிய டப்பாவிலும், மீதியை அதே ஜன்னலிலும் வைத்தேன். காலையில் டப்பா 0.2, ஜன்னல் 1.9.

அடுத்த வாரம் பேட்டரி ரிப்பேர் செய்பவரின் மகனுக்கு, முகாமில் விரல் நுனியில் குத்தி எடுத்ததில் 11 என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். தோலில் ஒட்டிய ஈயத் தூசு போக, சோப்பு போட்டு விரலைக் கழுவினார்களா என்று கேட்டேன். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்ததோடு சரியாம். கை நரம்பில் எடுக்கச் சொல்லி இரண்டு முறை ஓட்டினேன். 4.3, 4.1.