நாசிரில் உடைந்த இயக்கம்

தென் சூடான் என்றாலே என் மனம் 1991-க்குத்தான் போகிறது. அந்த மே மாதம் எத்தியோப்பியாவில் மெங்கிஸ்டு ஆட்சி கவிழ்ந்தது. சூடான் அரசை எதிர்த்துத் தெற்கில் போராடிய கிளர்ச்சி இயக்கமான சூடான் மக்கள் விடுதலைப் படைக்குப் பின்தளமே போய்விட்டது. ஆகஸ்டில் அதன் தளபதிகளான ரீக் மச்சாரும் லாம் அக்கோலும் நாசிர் ஊரிலிருந்து, தலைவர் ஜான் கராங்கை நீக்கிவிட்டதாக அறிவித்தார்கள்.

கராங்கை நான் மதிப்பவன். ஆனாலும் அவர் ஜனநாயகமில்லாமல் தனியாளாய் இயக்கத்தை நடத்துகிறார் என்று அவர்கள் சொன்ன குறையில் நியாயம் இருந்தது. 1983-இல் தொடங்கிய இயக்கம் முதல் தேசிய மாநாட்டை 1994-இல்தான் கூட்டியது. தன்னோடு மோதிய தளபதிகளை, மூத்தவரான கெருபினோ குவான்யின் உட்பட, கராங் வருடக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்.

சரி, ஜனநாயகம் கேட்டுப் பிரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? நவம்பரில் மச்சாரின் ஆட்களும் கூடவே வந்த 'வெள்ளைப் படை'யும் கராங்கின் இனமான டிங்கா மக்களின் பொர் பகுதிக்குள் புகுந்தார்கள். வெள்ளைப் படை என்பது உடம்பில் சாம்பல் பூசிய, மச்சாரின் நூவேர் இனத்து மாட்டுக்கார இளைஞர்கள். ராணுவக் கட்டுப்பாடு என்று எதுவும் கிடையாது. ஓட்டிக்கொண்டு போகிற மாடுதான் கூலி. குறைந்தது 2,000 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி கணக்கிட்டது. மந்தைகள் போனபின், பிழைத்தவர்களைப் பசி பிடித்தது.

எனக்கு ஆறாத கோபம் இன்னொன்றில். தலைநகர் கார்ட்டூமில் இருந்த எந்தச் சூடான் அரசை எதிர்த்து ஆயுதம் தூக்கினார்களோ, அதனிடமே பிரிந்த தரப்பு ஆயுதம் வாங்கியது. அப்புறம் 2002-இல் மச்சார் கராங்கிடம் திரும்பினார். 2011-இல் தென் சூடான் தனி நாடாகப் பிறந்தபோது துணை அதிபரானார். பொர் படுகொலைக்கு மன்னிப்பும் கேட்டார். ஆனால் தளபதிக்கொரு படை என்ற வழக்கம் போகவில்லை. 2013 டிசம்பரில் புது நாட்டின் தலைநகர் ஜூபாவில் அதிபரின் காவல் படைக்குள்ளேயே சண்டை மூண்டது.