சர்க்கரை உள்ள பூனைக்கு வீட்டில் இன்சுலின் போடுவது

மீட்டரில் 300 என்று வந்தால் பதறுவதும், 80 என்று வந்தால் நிம்மதி அடைவதும், வீட்டுக்கு ஒருவராவது சர்க்கரை நோயாளியாக இருக்கும் நமக்குப் பழகிப்போன ஒன்று. இன்சுலின் போட்டுக்கொள்ளும் பூனையை வளர்ப்பவர்கள் முதலில் கைவிட வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். பூனையின் சர்க்கரை ஒரு நாள் முழுவதும் 300இலேயே நின்றாலும், அது வழக்கம்போல் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கும்வரை அன்றைக்கே உயிருக்கு ஆபத்து வந்துவிடாது; மருத்துவரிடம் பேசி, சில நாட்கள் பொறுத்து, மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள நேரம் இருக்கிறது. அதே பூனையின் சர்க்கரை 40க்குக் கீழே இறங்கிவிட்டால், பேசவும் யோசிக்கவும் நேரம் இருக்காது. வலிப்பு வரலாம், மூளை பாதிக்கப்படலாம், உயிரும் போகலாம். ஆகவே வீட்டில் நாம் செய்யும் சோதனைகளின் முதல் நோக்கம் சர்க்கரையைக் குறைப்பது அன்று, அது அளவுக்கு மீறிக் குறையாமல் காப்பது என்பதே என் கருத்து.

எங்கள் முத்துவுக்கு இந்த நோய் வந்ததில் வியப்பில்லை. நடுவயதைக் கடந்த, கருத்தடை செய்யப்பட்ட, வீட்டைவிட்டு வெளியே போகாத, நல்ல கனமான ஆண் பூனை என்று பாடநூல் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் அவனிடம் இருந்தன. தண்ணீர்க் கிண்ணம் விரைவாகக் காலியானது. மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாயின. நன்றாகச் சாப்பிட்டும் உடல் இளைத்தது. பின்னங்கால்களின் குதிகால் தரையில் படும்படி நடக்கத் தொடங்கியபோதுதான் நரம்பு பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. பூனை மருத்துவமனைக்கு வந்த அச்சத்திலேயே சர்க்கரை 300ஐத் தாண்டக்கூடும் என்பதால், ஒரே ஒரு இரத்தச் சோதனையை வைத்து நோயை உறுதி செய்ய மருத்துவர் மறுத்துவிட்டார். சிறுநீரில் சர்க்கரை இருப்பதைப் பார்த்து, முந்தைய இரண்டு வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் சோதனையையும் செய்த பிறகே இன்சுலினைத் தொடங்கினார். வீட்டுச் சோதனையை அவர் வலியுறுத்தியதற்கும் இதுவே காரணம்: பூனையின் உண்மையான அளவு அது நாள்தோறும் படுத்துறங்கும் இடத்தில்தான் கிடைக்கும்.

இனி இந்தப் பதிவை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். நம் நாட்டு மருந்துக் கடைகளில் இன்சுலின் இரண்டு வலிமைகளில் கிடைக்கிறது. மனிதர்கள் பயன்படுத்தும் 30/70 போன்ற பழைய வகைக் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டவை. பூனைகளுக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் கிளார்ஜின் 100 யூனிட் கொண்டது. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. சிவப்பு மூடி உள்ளது 40க்கும், ஆரஞ்சு மூடி உள்ளது 100க்கும் உரியது. கிளார்ஜினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு கோடு அளவுக்கு இழுத்தால், ஒரு யூனிட் போடுவதாக நினைத்துக்கொண்டு இரண்டரை யூனிட் போட்டுவிடுவோம். எழுபது கிலோ மனிதருக்கு ஒன்றரை யூனிட் கூடுதல் பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம். பெரும்பாலான பூனைகளுக்கு வேளைக்கு ஒரு யூனிட் அளவில்தான் மருந்தே தொடங்கப்படுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தத் தவறு எவ்வளவு கொடியது என்பது விளங்கும். மாறாக, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் எடுத்தால் பாதிக்கும் குறைவாகவே உள்ளே போகும். அதை அறியாமல் அளவை ஏற்றிக்கொண்டே போய், பின்னர் சரியான சிரிஞ்சு கைக்கு வரும் நாளில் விபத்து நேரும்.

என் அம்மாவும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவருடையது 40, முத்துவினுடையது 100. இரண்டும் ஒரே ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டியிருப்பதால், முத்துவின் குப்பியும் அதற்குரிய சிரிஞ்சுகளும் பெயர் எழுதிய தனி டப்பாவில், வேறு தட்டில் இருக்கின்றன. டப்பாவைத் திறக்காமல் குப்பி மட்டும் வெளியே வருவதில்லை. கிளார்ஜினிலேயே 300 வலிமை கொண்ட பேனாவும் உண்டு என்பதால், கடையில் வாங்கும்போது பெயரோடு எண்ணையும் படித்துப் பார்க்க வேண்டும். அரை யூனிட் கோடுகள் உள்ள 0.3 மில்லிலிட்டர் சிரிஞ்சு கிடைக்குமானால் அதையே வாங்குவது நல்லது. ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சில் அரை யூனிட்டைக் கண்ணால் அளப்பது வெறும் ஊகம்தான். மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள், உறைபெட்டியை ஒட்டாமல் வைக்க வேண்டும். கிளார்ஜின் தெளிந்த நீராக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் எறிந்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் மின்தடை நீண்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

சர்க்கரை பார்ப்பதற்குக் காதின் ஓரத்தில் ஓடும் சிறு இரத்தக் குழாயை ஒட்டிக் குத்தினால் போதும். கைச்சூட்டாலோ வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியாலோ காதைச் சற்றுச் சூடாக்கி, மெல்லியதாக வாசலின் தடவினால், இரத்தம் முடியில் பரவாமல் துளியாகத் திரளும். பின்பக்கம் பஞ்சை அணைத்துக்கொண்டால் நம் விரலில் குத்தாது. குத்திய இடத்தைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, உடனே பூனைக்குப் பிடித்த ஒரு துண்டு வேகவைத்த கோழியைக் கொடுத்தால், சில வாரங்களில் அது தானாகவே வந்து உட்காரத் தொடங்கும். முத்து இப்போது மீட்டரின் ஓசை கேட்டாலே வந்துவிடுகிறான், கோழிக்காகத்தான்.

மீட்டரைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. மனித இரத்தத்தில் உள்ள சர்க்கரையில் ஏறத்தாழ 40 விழுக்காடு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது; பூனையின் இரத்தத்தில் அது 7 விழுக்காடு அளவே. மனிதருக்காகச் செய்யப்பட்ட மீட்டர் இந்த வேறுபாட்டை அறியாததால், பூனையின் சர்க்கரையைப் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். ஆல்ஃபாடிராக் போன்ற விலங்குகளுக்கான மீட்டர் இந்தக் குறையைச் சரிசெய்கிறது, பூனைக்குரிய அமைப்பை மறவாமல் தேர்ந்தெடுத்துக்கொண்டால். விலை காரணமாகவோ ஸ்டிரிப் கிடைக்காததாலோ மனித மீட்டரைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் எப்போதும் ஒரே மீட்டரையே பயன்படுத்த வேண்டும், அது எந்த மீட்டர் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், குறைவான எண் வந்தால் ‘மீட்டர் குறைத்துத்தான் காட்டும்’ என்று சமாதானம் செய்துகொள்ளாமல் அதைக் குறைவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டு நடைமுறை இது: பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், முதலில் சோதனை, பிறகு உணவு, அது சாப்பிடுவதைப் பார்த்த பிறகே ஊசி. ஊசிக்கு முந்தைய அளவு 200க்குக் குறைவாக இருந்தால் போடாமல் தொலைபேசியில் கேட்க வேண்டும் என்பது தொடக்கத்தில் எங்கள் மருத்துவர் வகுத்த விதி. உங்கள் பூனைக்கு அவர் வேறு எண்ணைச் சொல்லலாம். அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளாமல் மருத்துவமனையை விட்டு வராதீர்கள். ஊசி தோலுக்குள் போனதா, முடியில் சிந்திவிட்டதா என்று தெரியவில்லை என்றால் மறுபடியும் போடக் கூடாது. வீட்டில் வேறு யாராவது போட்டுவிட்டார்களா என்ற ஐயம் இருந்தாலும் போடக் கூடாது. ஒரு வேளை தவறினால் சர்க்கரை சற்று ஏறும், அவ்வளவுதான். இரட்டை வேளை போட்டால் இரவெல்லாம் விழித்திருக்க நேரும். ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டிய தாளில் நேரம், அளவு, போட்டவர் பெயர் மூன்றையும் எழுதுவது எங்கள் வீட்டில் கட்டாயம்.

மருந்தின் அளவை மாற்றுவது ஊசிக்கு முந்தைய எண்ணை மட்டும் வைத்துச் செய்யக்கூடியதன்று. ஊசி போட்ட நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் சர்க்கரை மிகக் கீழே இறங்கும் புள்ளி ஒன்று வரும். அது 80க்கும் 150க்கும் இடையே இருப்பதே இலக்கு. காலையில் 350 என்று பார்த்து அளவை ஏற்றிவிட்டு, பிற்பகலில் அது 60க்கு இறங்கியதைப் பாராமல் விட்டால் அதன் விளைவு பூனையின்மேல் விழும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து ஒரு நாளின் ஏற்ற இறக்கத்தை வரைந்து மருத்துவரிடம் காட்டினால், அவர் வழக்கமாக அரை யூனிட் அளவிலேயே மாற்றுவார், மாற்றிய பின் ஒரு வாரமாவது பொறுக்கச் சொல்வார். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சாரை முடி மழித்த இடத்தில் ஒட்டினால் குத்தும் வேலை குறையும். 14 நாட்களுக்கு என்று செய்யப்பட்டாலும் பூனையின் உடலில் பல நேரங்களில் அதற்கு முன்பே கழன்றுவிடும். அது இரத்தத்தை அளப்பதில்லை, தோலடி நீரையே அளக்கிறது என்பதால், குறைந்த எண்ணைக் காட்டும்போது காதில் குத்தி உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆனால் பூனை தள்ளாடிக்கொண்டிருந்தால் உறுதி செய்ய நேரம் செலவிடாதீர்கள்.

தள்ளாட்டம், வெறித்த பார்வை, திடீர்ப் பெரும்பசி, மூலையில் ஒளிந்துகொள்ளுதல், நடுக்கம் ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். எந்த அறிகுறியும் இல்லாமலும் தாழலாம். விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுக்க வேண்டும். சாப்பிட மறுத்தால் தேனையோ, சிறிது நீரில் குழைத்த குளுக்கோஸ் தூளையோ ஈறில் தடவ வேண்டும். வலிப்பில் இருக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றவோ, பற்களுக்கிடையே விரலை விடவோ கூடாது. கன்னத்தின் உட்புறம் சிறிது தடவியபடியே வண்டியில் ஏற வேண்டும். தேன் தந்த ஏற்றம் சிறிது நேரமே நிற்கும், உள்ளே போன இன்சுலினோ இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும். ஆகவே பூனை எழுந்து நடந்துவிட்டது என்று அதோடு விட்டுவிடாமல், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே மருத்துவரை அழைக்க வேண்டும். இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதை நோய் தெரிந்த அன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஓர் ஆபத்து உண்டு. பூனை சாப்பிடாமல், வாந்தியெடுத்து, சோர்ந்து கிடந்தால் அது, இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் பெருகிய நிலையாக இருக்கலாம். சாப்பிடவில்லையே என்று இன்சுலினை நாமாக நாட்கணக்கில் நிறுத்துவது அந்த நிலைக்கே தள்ளும். அன்றைக்கே மருத்துவரைக் கேட்க வேண்டும். வேகமாக மூச்சு வாங்கினால் கேட்டுக்கொண்டிராமல் கிளம்ப வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, பால்சோறும் தயிர்சோறும் பிஸ்கட்டும் நின்றாக வேண்டும், மாவுச்சத்துக் குறைந்த ஈர உணவு வர வேண்டும். ஆனால் இந்த மாற்றத்தை மருத்துவருக்குத் தெரிவிக்காமல் செய்யக் கூடாது, ஏனெனில் மாவுச்சத்துக் குறைந்ததும் இன்சுலின் தேவையும் சட்டென்று குறையும். பழைய அளவே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். நல்ல செய்தியும் இதனுள்தான் இருக்கிறது. தொடக்கத்திலேயே ஒழுங்காகக் கட்டுப்படுத்தப்பட்ட பூனைகளில் சில, சில மாதங்களில் இன்சுலின் தேவைப்படாத நிலையை அடைகின்றன. அந்த நிலை வரும்போது நாள்தோறும் சோதிப்பவருக்கே அது தெரியும். சோதிக்காமல் ஊசி போட்டுவருபவருக்கு அது ஒரு வலிப்பாகத்தான் தெரியவரும். ஊசி நின்ற பிறகும் வாரம் ஒருமுறை சர்க்கரையையும் எடையையும் பார்க்க வேண்டும். பின்னாளில் அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ வேறொரு மருத்துவரிடம் கொண்டுபோக நேர்ந்தால், சர்க்கரையை மீண்டும் ஏற்றிவிடக்கூடிய ஸ்டீராய்டு ஊசியைப் போடுவதற்கு முன்பே, இந்தப் பூனைக்குச் சர்க்கரை இருந்தது என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்.