எதிராளியின் கடிகாரம் ஏன் திடீரென்று ஏறுகிறது?

ஆன்லைன் செஸ்ஸில் ஆளுக்கு ஓரிரு நிமிடமே உள்ள புல்லட் ஆட்டத்தின் கடைசி நொடிகள். எதிராளியின் கடிகாரம் 0.0 காட்டுகிறது, ஆட்டம் முடியவில்லை. அவருடைய மூவ் வந்து விழுந்ததும் கடிகாரம் 0.4 என்று ஏறி நிற்கிறது. உடனே சாட்டில் திட்டு தொடங்கிவிடுகிறது. லிச்செஸ் என்ற செஸ் தளத்தில் ஆடுகிறவர்கள் இந்தக் காட்சியைப் புரிந்துகொண்டாலே பாதி சண்டை குறைந்துவிடும்.

உண்மையான கடிகாரம் ஓடுவது சர்வரில். உங்கள் திரையில் ஓடுவது அதைப் பார்த்துப் போட்ட கணக்கு. எதிராளி ஆடிய மூவ் சர்வரிலிருந்து உங்களிடம் வர ஒரு பயணம், உங்கள் பதில் மூவ் திரும்பிப் போக இன்னொரு பயணம். இந்த இரண்டும் சேர்ந்த நேரம்தான் பிங். சர்வர் வெறுமனே கணக்குப் போட்டால், ஒவ்வொரு மூவுக்கும் உங்கள் பிங் அளவு நேரம் பறிபோகும்.

லிச்செஸ் சர்வர் பிரான்சில் இருக்கிறது. சென்னையிலிருந்து பாரிஸ் நேர்கோட்டில் ஏறத்தாழ 8000 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். ஆக, போய்வர 80 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்க வழியே இல்லை. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் ரவுட்டர்கள் வேறு; நடைமுறையில் 150-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வரும். 1+0 ஆட்டத்தில் (முதல் எண் ஆளுக்கு எத்தனை நிமிடம், இரண்டாவது ஒவ்வொரு மூவுக்கும் கூடும் நொடி) 40 மூவ் ஆடினால் 40 × 0.15, அதாவது 6 நொடி. அறுபதில் ஆறு போனால் புல்லட்டில் பாதித் தோல்வி.

இந்தப் பாதைத் தாமதத்தை (லேக்) சரிக்கட்டத்தான் லேக் ஈடு. நீங்கள் யோசித்த நேரம் எவ்வளவு, பாதையில் போனது எவ்வளவு என்று பிரித்து, பாதையில் போனதைச் சர்வர் திருப்பிக் கொடுக்கிறது. மூவ் வந்து சேர்ந்த பிறகுதானே அந்தக் கணக்கைப் போட முடியும்? அதனால்தான் எதிராளியின் கடிகாரம் முதலில் இறங்கி, பிறகு ஏறுகிறது. அவருக்கு வந்தது அவருடைய நேரமேதான்.

ஈட்டுக்கு வரம்பு வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. யோசித்த நேரத்தைச் சொல்வது ஆடுகிறவரின் கணினி. அதை அப்படியே நம்பினால் பொய் சொல்ல முடியும். எஃப்ஐசிஎஸ் என்ற பழைய ஆன்லைன் செஸ் தளத்தின் டைம்சீல் நிரல் ஒவ்வொரு மூவுக்கும் நேர முத்திரை குத்தி, மறையாக்கம் செய்து அனுப்பியது. அந்த மறையாக்கத்தையும் அவிழ்த்துவிட்டார்கள். ஆகவே இன்று ஆட்டத்தின் கால அளவையும் அதுவரை கொடுத்த ஈட்டையும் பார்த்து உச்சவரம்பு போடுகிறார்கள். வேண்டுமென்றே கேபிளைப் பிடுங்கிச் செருகினால் வரம்புக்கு மேல் ஒன்றும் கிடைக்காது, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

சீரான 200 மில்லிசெகண்ட் லேக் பெரிய தொல்லை இல்லை, ஈடு அதைப் பார்த்துக்கொள்ளும். தொல்லை தருவது 40, 45, 900, 50 என்று தாவும் பிங். ஒரு மூவ் என்பது சில பத்து பைட் கொண்ட ஒரே பாக்கெட், அதாவது ஒரு தரவுப் பொட்டலம். அது வழியில் தொலைந்தால், பின்னால் வரும் பாக்கெட்டுகளை வைத்துத்தான் தொலைந்ததை வேகமாகக் கண்டுபிடிக்க முடியும். செஸ்ஸில் பின்னால் வர ஒன்றுமில்லை. எனவே டைமர் முடியும்வரை காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். அதுவும் தொலைந்தால் காத்திருப்பு இரட்டிப்பாகும். இப்படி ஒரே மூவில் ஒரு நொடிக்கு மேல் போய்விடும். அவ்வளவையும் ஈடு திருப்பித் தராது.

ஸ்பீடு டெஸ்ட்டில் 100 எம்பிபிஎஸ் வருகிறதே என்று பார்ப்பதில் பயனில்லை. ஆட்டத்துக்கு வேகம் தேவையே இல்லை. கமாண்ட் விண்டோவில் பிங் கட்டளையை 100 முறை ஓடவிடுங்கள். முதலில் ரவுட்டருக்கு, பிறகு வெளியே ஏதாவது ஒரு சர்வருக்கு. ரவுட்டருக்கே பிங் 5-லிருந்து 200-க்குத் தாவினால் கோளாறு வீட்டுக்குள், வைஃபையில். லேன் கேபிள் போடுங்கள், முடியாவிட்டால் 2.4-ஐ விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். ரவுட்டர்வரை சரியாக இருந்து, வீட்டில் யாராவது போட்டோ பேக்கப் போடும்போது மட்டும் பிங் எகிறினால், அப்லோடு வரிசையில் உங்கள் மூவ் சிக்கிக் காத்திருக்கிறது என்று பொருள். பேக்கப்பை நிறுத்துங்கள், அல்லது ரவுட்டரில் க்யூஓஎஸ் (எந்தத் தரவுக்கு முன்னுரிமை என்று வைக்கும் வசதி) இருந்தால் அப்லோடைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். போனில் ஆடுகிறவர்கள் ஆட்டத்தின் நடுவே வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குத் தாவ விடக்கூடாது. முகவரி மாறி இணைப்பே அறுந்து, புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும்.

எதிராளி ஆடும் முன்பே அடுத்த மூவைப் போட்டு வைக்கும் ப்ரீமூவ் விஷயத்தில் தளங்கள் வேறுபடும். லிச்செஸ்ஸில் அதற்கு நேரம் கழிவதில்லை, செஸ்.காமில் ஒவ்வொன்றுக்கும் 0.1 நொடி கழியும். கடைசி இரண்டு நொடியில் இருபது மூவ் போட நினைப்பவருக்கு இது கணக்கில் வர வேண்டும்.

இணைப்பே அறுந்துபோவது வேறு கதை, ஈட்டுக்கு அங்கே வேலை இல்லை. 2020 ஆகஸ்டில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே நடத்திய ஆன்லைன் ஒலிம்பியாடின் காலிறுதியில், இந்தியாவின் நிஹால் சரினுடன் ஆடிய ஆர்மீனியாவின் ஹைக் மார்டிரோசியன் இணைப்பு அறுந்து நேரத்தில் தோற்றார். மேல்முறையீடு தள்ளுபடியாக, ஆர்மீனியா போட்டியிலிருந்தே விலகியது. இரண்டு நாளில் இறுதிப் போட்டி. இந்தியாவின் நிஹாலும் திவ்யா தேஷ்முக்கும் அதேபோல் இணைப்பு அறுந்து தோற்றார்கள். அன்று உலகின் பல சேவைகளைப் பாதித்த இணையக் கோளாறு அது. தங்கம் இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் பகிர்ந்து தரப்பட்டது. ஒருவர் பக்கம் அறுந்தால் அவர் பொறுப்பு, பலருக்கும் சேர்ந்து அறுந்தால் யார் பொறுப்பு என்பது ஆட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டிய விதி. ஆர்மீனியர்களின் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

பள்ளி, கிளப் அளவில் ஆன்லைன் போட்டி நடத்துகிறவர்கள் 3+0 வைக்காதீர்கள். 3+2 வைத்தால் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் அடுத்த சில மூவில் மீண்டு வரலாம். 10+5 என்றால் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்துவிட்டுக்கூட வந்து ஆடலாம். சர்வர் கோளாறு என்றால் அந்தச் சுற்றை மறுபடி ஆடுவதா, அப்போதைய நிலையிலிருந்து தொடர்வதா என்பதையும் அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்.