வாபஸ் வாங்கிய கேசு

பெரிய பாடகர்களைப் பற்றி அவர்களைக் கேட்காமல் எழுதிய வாழ்க்கை வரலாறு என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். சம்மதத்தோடு எழுதியதில் எல்லாரும் வறுமையில் பிறந்து, விடிய விடியச் சாதகம் செய்து, தாயார் ஆசியால் முன்னுக்கு வந்திருப்பார்கள். யாருக்கு யார் கடன் பாக்கி என்பதெல்லாம் மற்றதில்தான் இருக்கும்.

இடவப்பாதி மழைக்கு நடுவே தக்கலை பக்கம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். கையில் அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பற்றிய தடிப் புத்தகம். கரண்டு இல்லை. திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

“என்னலே அது, பலகை மாதிரி?”

சொன்னேன். மாமாவும் கலைஞர்தான், எண்பதுகளில் கோயில் கொடைத் திருவிழாக்களில் ஆர்மோனியம் வாசித்தவர். அவருக்குப் பொறுக்கவில்லை.

“கேக்காம எழுதுனா சும்மாவா விட்டான்?”

“இல்ல மாமா. புத்தகம் வருமுன்னாடியே 1983ல 20 லட்சம் டாலர் கேட்டு கேசு போட்டாரு.”

“பின்னே!” என்று தொடையில் தட்டினார்.

“அடுத்த வருசமே வாபஸ் வாங்கிட்டாரு. 1986ல புத்தகம் வந்து விற்பனையில முதலிடம்.”

மாமா முகம் தொங்கிவிட்டது. இன்னொரு அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி கதையையும் சொன்னேன். 1976ல் வேலையை விட்டு அனுப்பப்பட்ட மெய்க்காவலர்கள் மூன்று பேர் சொன்னதெல்லாம் அடுத்த வருஷம் ஆகஸ்டில் புத்தகமாக வந்தது. அதே மாதம் 16ஆம் தேதி மனுஷன் போய்விட்டார்.

“பாவம். நமக்கு அப்பிடி காவலுக்கு ஒருத்தனும் இல்ல, நிம்மதி” என்றவர், தன் புகழ்பெற்ற கொடைக் கதையை எடுத்தார். நடுராத்திரி மழை கொட்டியதாம், குழுவில் எல்லாரும் ஓடிவிட்டார்களாம், இவர் ஒருவரே விடியும்வரை ஆர்மோனியத்தால் கூட்டத்தைக் கட்டிப்போட்டாராம். சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். வருஷா வருஷம் மழை கூடிக்கொண்டேதான் வருகிறது.

அடுக்களையில் பழம்பொரி போட்டுக்கொண்டிருந்த மாமி, கண்ணாப்பையோடு நிலைப்படியில் வந்து நின்றார்.

“மழையா? ஒரு தூறல் கெடையாது. துருத்திய எலி கடிச்சு ஓட்டையாக்கும். என் புது ஜாக்கெட்டுத் துணிய வெட்டி ஒட்டுனாரு. பாதிப் பாட்டுல அது பிஞ்சு புஸ்சுன்னு போச்சு. ஓடுனது மத்தவங்க இல்ல, இவருதான். பெட்டிய நானாக்கும் சொமந்துட்டு வந்தேன்.”

“எலே, இதை எங்கயாவது எழுதுன, கேசு போடுவேன்!”

“போடுங்க. பழம்பொரியும் சாயாவும் கோர்ட்டுல தருவாவ.”

மாமா என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.

“வாபஸ்” என்றார், வாயில் பழம்பொரியோடு.

மாமி என் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். “இனி அந்த ரேடியோ ஸ்டேசன் கதையக் கேளு மக்களே.”

சினாட்ராவை மூடி வைத்தேன்.