அந்த மஞ்சள் பந்து

பக்கவாதம் வந்தவருக்குப் பயிற்சி கொடுக்க அவர் வீட்டுக்கு முதல் தடவை போகும்போது என் கண் தானாக ஒரு பந்தைத் தேடும். ஸ்பாஞ்சில் செய்தது, மஞ்சள் நிறம், சிரிக்கிற முகம். பார்க்க வந்த யாராவது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். "சும்மா இருக்கிற நேரத்துல அழுத்திட்டே இருங்க, கைக்குப் பலம் வரும்."

ஒரு தையல்காரர் வீட்டிலும் அது இருந்தது. மூளையின் இடப்பக்கம் அடைப்பு. அதனால் வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போயிருந்தது. நான் போனது ஆறாவது வாரத்தில். முழங்கை மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது, விரல்கள் பந்தைச் சுற்றி இறுகியிருந்தன. "ஒரு நாளைக்கு இருநூறு தடவை அழுத்துறார் மேடம்" என்றார் மகன், பெருமையாக.

நான் உள்ளங்கையை நீட்டி, "ஐயா, பந்தை என் கையில போடுங்க" என்றேன். கை என் பக்கம் வந்தது. பந்து வரவில்லை. நெற்றி வியர்க்க முயன்று பார்த்துவிட்டு, இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் கொடுத்தார்.

தொடக்கத்தில் கை துவண்டு கிடக்கும். அப்புறம் சில வாரங்களில் பலருக்குத் தசை இறுக ஆரம்பிக்கும். கையைப் பொறுத்தவரை மடக்குகிற தசைகளின் பக்கமே வெற்றி. பந்தை அழுத்துவது கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே பிடிக்கத் தெரிந்த கைக்குப் பிடிக்கவே சொல்லிக்கொடுக்கிறோம். தம்ளரை எடுத்துவிடலாம், திரும்ப வைக்க வேண்டாமா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் பந்து கொடுத்தவள்தான். பிடியின் பலத்தைக் கருவியில் அளந்து, எண் ஏற ஏற கேஸ் ஷீட்டில் சந்தோஷமாகக் குறித்திருக்கிறேன். அந்த எண்ணை வைத்து ஒருவரும் சட்டைப் பொத்தான் போட்டதில்லை.

ஒரு நாள் காலையில் மகன் போன் செய்தார், குரலில் அவ்வளவு பரபரப்பு: "அப்பா கையைத் தூக்கிட்டார் மேடம்!" கொட்டாவி விட்டாரா என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. கொட்டாவி விடும்போது விழுந்த கை தானாக எழும்புவது சிலருக்கு உண்டு. நாம் நினைத்துத் தூக்குகிற நரம்புப் பாதை வேறு, அது வரும் பாதை வேறு. இதை விளக்கிச் சொல்கிற வேலை பயிற்சி கொடுப்பதைவிடக் கஷ்டம்.

பந்தை எடுத்து வைத்துவிட்டு துணியில் கோடு போட அவர் வைத்திருந்த சாக்பீஸைக் கையில் கொடுத்தேன். எடுக்க வேண்டும், டப்பாவுக்குள் விட வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரத்திலேயே ஒரு தந்திரம் கண்டுபிடித்துவிட்டார்: மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டால் விரல்கள் கொஞ்சம் தளரும், சாக் விழும். பாடப்படி தப்பு. சரி, விழுகிறதே என்று விட்டுவிட்டேன். எண்ணிக்கைதான் என் கவலை. சிகிச்சை நேரத்தில் கையால் செய்யும் பயிற்சி ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 முறைதான் என்று 2009இல் ஓர் ஆய்வு வந்தது. என்னுடையதை எண்ணிப் பார்த்தேன், அதைவிடக் குறைவு. பேச்சிலேயே நேரத்தைத் தின்றிருக்கிறேன். அதன்பின் நூறுக்குக் குறைந்து விடுவதில்லை.

நல்ல கைக்கு உறை மாட்டி, விழுந்த கையையே வேலை செய்ய வைக்கும் முறையை எட்வர்ட் டாப் (Edward Taub) என்ற அமெரிக்க உளவியலாளர் வளர்த்தெடுத்தார். 222 பேரிடம் அதைச் சோதித்த பெரிய ஆய்வு 2006இல் வெளிவந்து பலனைக் காட்டியது. அதில் சேரவே ஒரு நிபந்தனை: மணிக்கட்டும் விரல்களும் குறைந்தது 10 டிகிரியாவது விரிய வேண்டும். அங்கேயும் கேட்டது பிடியை அல்ல, விரிவதைத்தான். இவர் பத்தாவது வாரத்தில் அந்த அளவைத் தொட்டார். உறை மாட்டினோம். விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் மாட்டியிருக்க வேண்டும் என்பது விதி. நான் தெருமுனை தாண்டுவதற்குள் அவர் மனைவி கழற்றியிருப்பார். "அவர் படற பாட்டைப் பார்க்க முடியலைம்மா, நானே செஞ்சு கொடுத்துடறேன்." கோபிக்க முடியவில்லை. காலையில் ஒரு மணி நேரம் என்று பேரம் பேசி முடித்தோம்.

ஏழாவது மாதம் அவருடைய பெரிய கத்தரியைக் கையில் கொடுத்துப் பார்த்தோம். மூடியது. திறக்கவில்லை. தானாகத் திறந்துகொள்ளும் ஸ்பிரிங் கத்தரி ஒன்றை நான் வாங்கிப் போயிருந்தேன். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேப்பருக்கு" என்று ஒதுக்கி வைத்தார். பிறகு இடது கையை உயர்த்தி, வார்த்தைகளைத் தேடிப் பிடித்து, "இந்தக் கைக்கு... கத்தரி" என்றார்.

இடக்கைக்காரர்களுக்கான கத்தரி வந்து சேர்ந்த அன்று கூப்பிட்டனுப்பினார். வெட்டும் மேஜையில் துணி விரித்திருந்தது. இடது கை மெதுவாக வெட்டிக்கொண்டு போனது. வலது உள்ளங்கை துணி நகராமல் அழுத்திப் பிடித்தபடி விரிந்து கிடந்தது. சுண்டுவிரல் மட்டும் இன்னும் மடங்கியே இருந்தது.