கஞ்சி அண்டா பக்கத்திலிருந்து: வேலூர் லெந்து நாட்குறிப்பு, 2025

மார்ச் 5, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து தொடங்கிவிட்டது. ஈஸ்டர் ஏப்ரல் 20. இடையில் வரும் ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள். சபையில் ஒருவர் காப்பியை விடுவார், ஒருவர் கறியை, இன்னொருவர் சீரியலை. விட்டதில் மிஞ்சும் காசும் நேரமும் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் வேதாகமத்தில் உபவாசத்தைப் பற்றிப் பேசும் ஏசாயா 58-ஆம் அதிகாரத்தின் கேள்வி. இந்தக் குறிப்புகளும் அதைப் பற்றியவைதான். ஜெபக் குறிப்பு தேடி வருகிறவர்கள் ஏமாறுவார்கள். இங்கே இருப்பது அரிசி, உப்பு, ரத்தம், செருப்புக் கணக்கு.

முதலில் பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவது பழைய பழக்கம். ஒரு பிடி சுமார் 40 கிராம். நாளுக்கு இரண்டு பிடி என்றால் ஒரு வீட்டிலிருந்து 40 நாளில் 3 கிலோவுக்கு மேல் சேரும். சிக்கல் சேர்ப்பதில் இல்லை, கலப்பதில்தான். ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, அடுத்த வீட்டில் பொன்னி புழுங்கல், இன்னொன்றில் பச்சரிசி. எல்லாம் ஒரே மூட்டையில் விழுந்தால் சோறாக வடிக்கவே முடியாது. பச்சரிசி குழைந்துபோகும் நேரத்தில் புழுங்கல் விதையாக நிற்கும். அப்படிக் கலந்ததை மில்லில் கொடுத்து நொய்யாக உடைத்துக் கஞ்சிக்கு வைத்துக்கொள்வதே வழி. ஈஸ்டர் வரை காத்திராமல் வாரம் ஒருமுறை டப்பாவைக் காலி செய்யுங்கள். வேலூர் சூட்டில் வண்டு சீக்கிரம் வரும். காய்ந்த வேப்பிலை நாலு போட்டு வையுங்கள்.

ஒன்று மட்டும்: வண்டு வைத்த பழைய அரிசியைத் தள்ளிவிடுகிற இடம் இது இல்லை. வீட்டில் இன்று உலையில் போகும் அரிசியிலிருந்துதான் அந்தப் பிடி வரவேண்டும்.

மார்ச் 15, சனி

இன்று கஞ்சி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனைக்கு வந்து காந்தி ரோடு லாட்ஜ்களில் தங்கியிருக்கும் வெளிமாநிலக் குடும்பங்களுக்காக.

50 பேருக்கு, ஆளுக்கு 300 மில்லி வீதம் 15 லிட்டர் வேண்டும். நொய் ஒன்றரைக் கிலோ, வறுத்த பாசிப்பருப்பு 300 கிராம், தண்ணீர் 16 லிட்டர், இஞ்சி 100 கிராம், பூண்டு 150 கிராம், சீரகம் இரண்டு மேசைக்கரண்டி, வெந்தயம் ஒன்று. 25 லிட்டர் அண்டா, அடி கனமானதாக. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே நொய்யைத் தூவவேண்டும். முதல் பத்து நிமிடம் கை ஓயாமல் கிண்டவேண்டும். நொய் கட்டியாகி அடியில் உட்காருவதும் அடி பிடிப்பதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். பிறகு அனலைத் தணித்து 40 நிமிடம்.

அடி பிடித்துவிட்டால் பதறிப்போய்ச் சுரண்டாதீர்கள். சுரண்டினால் 15 லிட்டரும் தீய்ந்த வாடை அடிக்கும். அடுப்பை அணைத்து, மேலாக உள்ளதை வேறு அண்டாவுக்கு மாற்றி, அடியை விட்டுவிடுங்கள்.

உப்பு 60 கிராம் போதும். சப்பென்றுதான் இருக்கும், இருக்கட்டும். வரிசையில் சிறுநீரக நோயாளியும் நிற்பார், ரத்தக் கொதிப்புள்ளவரும் நிற்பார். வேண்டுமென்பவருக்குத் தூளுப்பு தனியாக. தேங்காய்ப்பால் ஊற்றினால் ருசிதான், ஆனால் இந்த வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும்; விட்டுவிடுங்கள். இறக்கிய கஞ்சி ஆவி பறக்கும் சூட்டிலேயே இருக்கவேண்டும். ஆறிப்போனதை மறுபடி சுடவைத்து மாலையில் ஊற்றுவது கூடாது. நேரமாக ஆகக் கஞ்சி இறுகும், அதைத் தளர்த்தக் கொதித்த நீர் ஒரு பாத்திரத்தில் தயாராக இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சூடும் போகும், சுத்தமும் போகும்.

தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல் என்பது நம் ஊர் யோசனை. வங்காளக் குடும்பங்கள் குழைந்த சோற்றுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கைப் பிசைந்து, கடுகெண்ணெய் விட்டுச் சாப்பிடுகிறவர்கள். 50 பேருக்குக் கிழங்கு 3 கிலோ, கடுகெண்ணெய் 150 மில்லி, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு. எண்ணெய் காந்தி ரோட்டுக் கடைகளிலேயே கிடைக்கும், காய்ச்சாமல் அப்படியே ஊற்றுங்கள், அந்தக் காரநெடிதான் அவர்களுக்கு வேண்டியது. நம் மூக்குக்கு ஒத்துவராது. நாம் சாப்பிடப் போவதில்லையே. பொட்டாசியம் கட்டுப்பாட்டில் இருக்கும் சிறுநீரக நோயாளிக்கு மட்டும் கிழங்கு வேண்டாம். அன்பாக நீட்டும் இளநீரும் வாழைப்பழமும்கூட அவர்களுக்கு ஆகாது.

காலை வேளையில் ஊற்றுவதானால் முதலில் ஒரு கேள்வி: "தீதி (வங்காளத்தில் அக்கா), இன்னிக்கு ரத்த டெஸ்ட் இருக்கா?" வெறும் வயிற்றில் எடுக்கவேண்டிய பரிசோதனைக்கு முன்னால் ஒரு டம்ளர் கஞ்சி குடித்தால் அந்த நாள் வீண்; லாட்ஜ் வாடகை இன்னொரு நாளுக்கு ஏறும். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கும் அதேதான். துணைக்கு வந்தவருக்கு ஊற்றுங்கள். பெரும்பாலும் பட்டினி கிடப்பது அவர்தான்.

ஜெபம் சமையற்கட்டில், சமைக்கிறவர்களுக்குள். கஞ்சிக்கு முன்னால் பிரசங்கம் வைத்தால் அது கஞ்சிக்கு விலை வைப்பதாகும்.

மார்ச் 20, வியாழன்

வார்டுக்குப் போகிறவர்களுக்கு. பத்து நிமிடம் போதும். கை கழுவிவிட்டு உள்ளே போங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் போகவே வேண்டாம். கட்டிலில் உட்காராமல் ஸ்டூலை இழுத்துப்போட்டு, படுத்திருப்பவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். தலைமாட்டில் நின்று பேசினால் அவர் கழுத்தைத் திருப்பியே களைத்துப்போவார். என்ன நோய் என்று கேட்காதீர்கள், அவர் சொன்னால் கேளுங்கள். எங்கள் சித்தப்பாவுக்கும் இதேதான் என்று ஆரம்பிக்கும் கதை எதுவும் வேண்டாம், அந்தச் சித்தப்பா பிழைத்திருந்தாலும்.

"உங்களுக்காக ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டு, சரி என்றால் மட்டும். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில், ஒரு நிமிடம். விசுவாசம் குறைந்ததால் நோய் தீரவில்லை என்ற பேச்சும், மாத்திரையை நிறுத்திவிட்டு நம்புங்கள் என்ற பேச்சும் வாயில் வரவே கூடாது. முதலாவது கொடுமை, இரண்டாவது ஆபத்து.

உதவி எந்த விதத்தில் போய்ச் சேருகிறது என்பதுதான் முக்கியம். இந்த ஊர் மருத்துவமனை பிறந்த கதையே அதைத்தான் சொல்கிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க அமெரிக்க மிஷனரியின் மகளான ஐடா ஸ்கடரைக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அப்பா வீட்டில்தான் இருந்தார், வரத் தயாராகவும் இருந்தார். ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். உதவி இருந்தது, அந்தப் பெண்களைச் சேரக்கூடிய விதத்தில் இல்லை. ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து வந்து 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

மார்ச் 28, வெள்ளி

ரம்ஜான் மாதத்தின் கடைசி வெள்ளி. இந்த ஆண்டு லெந்தும் நோன்பும் ஒன்றாக வந்திருக்கின்றன. அக்கம்பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொடுப்பதானால் நோன்பு திறக்கும் மாலைத் தொழுகையான மக்ரிபுக்கு அரைமணி முன்னால் கொடுங்கள். காலையில் கொடுத்தால் நாள் முழுக்க வாசனையோடு அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும். ஈஸ்டர் பிரியாணியை அவர்களுக்கும் கொடுக்க நினைத்தால் கறியை ஹலால் கடையில் வாங்குங்கள், வாங்கியதைச் சொல்லியும் கொடுங்கள். கேக்கில் ஒயினோ ரம்மோ சேர்ந்திருந்தால் அந்த வீட்டுக்கு அது வேண்டாம். சைவ வீட்டுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி.

ஏப்ரல் 5, சனி

வாலிபர் சங்கம் பெரிய வெள்ளியன்று ரத்ததான முகாம் வைக்கலாமா என்று கேட்கிறது. எண்ணம் நல்லது, நாள் சரியில்லை. அன்று பாதிப் பேர் உபவாசம். மூன்று மணி நேர ஆராதனை, ஏப்ரல் வெயில், அதன்பின் 350 மில்லி ரத்தம் எடுத்தால் வரிசையாக மயங்கி விழுவார்கள். ரத்தம் கொடுக்கிறவர் சாப்பிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வரவேண்டும்.

வயது 18 முதல் 65. எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஹீமோகுளோபின் 12.5. ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி, பெண்களுக்கு 120. அன்று ஹீமோகுளோபின் குறைவென்று திருப்பி அனுப்பப்படுகிற பெண்கள் முகம் வாடித்தான் போவார்கள். அவர்களுக்குக் கீரை, பேரீச்சம்பழம் என்று உபதேசிப்பதைவிட ஒரு டாக்டரிடம் அனுப்புவது மேல், அந்தக் குறைவுக்குக் காரணம் இருக்கும்.

ஒரே நாளில் 60 பேர் கொடுப்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும். சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து. அந்த 60 பேரும் அடுத்த மூன்று மாதம் கொடுக்க முடியாதவர்கள். முகாமைவிடப் பட்டியல் நல்லது: பெயர், வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, போன் நம்பர். மாதத்துக்கு 15 பேர் வீதம் பிரித்துக்கொள்ளலாம். அசாமிலிருந்து கணவனும் மனைவியும் மட்டும் வந்து, ரத்தத்துக்கு ஆள் தேடி நிற்கும்போது உதவுவது அந்தப் பட்டியல்தான். பேனரில் போட்டோ வராது என்பதால் வாலிபர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஏப்ரல் 9, புதன்

குப்பை. தூய்மைப் பணியாளர் கையைக் கிழிப்பது நம் வீட்டு உடைந்த டம்ளர். கண்ணாடித் துண்டைச் செய்தித்தாளில் மூன்று சுற்றுச் சுற்றிக் கயிறு கட்டி, பையோடு பையாகப் போடாமல் கையில் கொடுத்து, "அண்ணா, இதுல கண்ணாடி இருக்கு" என்று சொல்லுங்கள். இன்சுலின் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில், தரை கழுவும் திரவம் வரும் பாட்டில் சரியாக இருக்கும், சேர்த்து முக்கால் நிறைந்ததும் மூடி, டேப் சுற்றி, மேலே 'ஊசி' என்று எழுதிக் கொடுங்கள். நாப்கினைத் தாளில் மடித்துத் தனியாக.

அவர் தண்ணீர் கேட்டால் வீட்டில் எல்லோரும் குடிக்கும் டம்ளரில் கொடுங்கள். அவருக்கென்று தனி டம்ளர் வைத்திருக்கும் வீட்டில் சுவரில் எத்தனை வசனம் மாட்டியிருந்தாலும் அது வெறும் காலண்டர்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளமும் இதில் சேரும். கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடு என்கிறது உபாகமம் 24. ஒன்றாம் தேதி என்று பேசியிருந்தால் ஒன்றாம் தேதி. அவர் வாய்திறந்து கேட்கும்படி வைக்காதீர்கள்.

ஏப்ரல் 12, சனி

உள்ளூர்க்காரர் பெரிய ஆஸ்பத்திரிச் செலவோடு வந்தால் உண்டியலைத் திறப்பதற்கு முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் தகுதி. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துக்குக் கூடவே போய்வர ஒரு ஆள் கொடுப்பது, 2,000 ரூபாய் கொடுப்பதைவிடப் பெரிய உதவி. புற்றுநோயாளிகளுக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு, டாக்டரிடம் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கவேண்டும். ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் இதை மறந்துவிட்டுக் காட்பாடியில் முழு டிக்கெட் எடுக்கிறவர்கள் உண்டு.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

இன்று, இயேசு பன்னிரண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்துப் பாதம் கழுவும் ஆராதனை. பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள், பாஸ்டர் கையில் அழுக்குப் படக்கூடாதே என்று.

உண்மையிலேயே கழுவ ஆள் வேண்டிய பாதங்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. 1940-களின் கடைசியில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் கண்டது இது: தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், முள்ளும் சூடும் செருப்பு ஆணியும் காலைத் தின்கின்றன. கரிகிரி தொழுநோய் மருத்துவமனை வளர்ந்ததும் அந்த வழியில்தான். இன்று ஆறு மாதமோ ஓராண்டோ மருந்தில் நோய் குணமாகிவிடும். செத்த நரம்பு மட்டும் திரும்பாது. ஆகவே காலைக் கவனிப்பது ஆயுள் முழுக்க, தினமும்.

முதலில் வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள்: சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, எங்கேயாவது சூடு. புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டு ஒப்பிட்டால் சூடான இடம் தெரியும். உள்ளே புண் கிளம்பும் இடம் அதுதான். பிறகு சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். வெந்நீர் கூடவே கூடாது, வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. ஊறிய காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்க்கவேண்டும், பிளேடு ஆகாது. ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவினால் அந்த ஈரம் தோலுக்குள் நிற்கும், வெடிக்காது. புண் இருந்தால் இதெல்லாம் வேண்டாம், சுத்தத் துணியால் மூடி, நடக்கவிடாமல் மருத்துவமனைக்கு.

சர்க்கரை நோயாளிக்கு முறை வேறு. அவர் காலை ஊறவைக்கக் கூடாது, தோல் ஊறிப்போய்ப் புண்ணாகும். சட்டென்று கழுவி, விரல் இடுக்குகளை நன்றாகத் துடைத்து, இடுக்கைத் தவிர மற்ற இடத்தில் எண்ணெய்.

செருப்பு வாங்கித் தர விரும்புகிறவர்கள் கடையில் பளபளப்பானதைத் தேடவேண்டாம். உள்ளே மென்மையான எம்.சி.ஆர். எனும் நுண்துளை ரப்பர், வெளியே கெட்டியான அடி, குதிகாலுக்குப் பின்வார், ஆணி ஒன்றும் கிடையாது. இதுதான் அடையாளம். காலை ஒரு தாளில் வைத்து வரைந்து அளவெடுத்துக் கொடுங்கள், அதுவும் மாலையில், கால் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில். புதுச் செருப்பு முதல் நாள் அரைமணிதான். கழற்றிப் பார்த்து, சிவந்திருந்தால் செருப்பைத் திருத்தவேண்டும். வலிக்கவில்லை என்று அவர் சொல்வதை நம்பிவிடாதீர்கள்.

ஏப்ரல் 30, புதன்

ஈஸ்டர் முடிந்தது. மே 4 அக்னி நட்சத்திரம். கஞ்சியை நிறுத்தி மோருக்கு மாறுகிறோம். ஒரு லிட்டர் தயிருக்கு 4 லிட்டர் தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், கொஞ்சம் உப்பு. தண்ணீர் கொதித்து ஆறியதாகவோ கேன் தண்ணீராகவோ இருக்கவேண்டும். ஐஸ்கட்டியை மோருக்குள் போடாதீர்கள், அது எந்தத் தண்ணீரில் உறைந்ததோ தெரியாது. பானைக்கு வெளியே ஈரச் சாக்குச் சுற்றினால் போதும். டம்ளர் கழுவ இரண்டு வாளி, ஒன்று சோப்புக்கு, ஒன்று அலச, ஒரு மணிக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பந்தல் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றால் மாநகராட்சி வண்டி ஓட்டுபவர்களும் ஆட்டோக்காரர்களும் வருவது 11 மணிக்கு மேல். முதல் பானை பத்தரைக்குத் தயாராக இருக்கட்டும், இரண்டாவது ஒன்றரைக்கு. மிச்சத்தை மறுநாளுக்கு வைக்கவேண்டாம்.