டிஸ்சார்ஜ் பேப்பரில் இல்லாத வரி

கபடியில் கிழிந்த முட்டி ஜவ்வுக்கு (ஏ.சி.எல்.) சேலத்தில் ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஏழு வாரம். ஸ்கேன், காப்பீடு, ஆபரேஷன் எதிலும் குறையில்லை. பட்டதெல்லாம் ஏற்காட்டில் வீடு வந்து சேர்ந்த பிறகுதான்.

டிஸ்சார்ஜ் பேப்பரில் "பிசியோதெரபி தொடரவும்" என்று ஒரே வரி. எத்தனை டிகிரி மடக்கலாம், எந்தப் பயிற்சி கூடாது, கிராஃப்ட் (கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக வைக்கும் தசைநாண்) எங்கிருந்து எடுத்தது, எதுவுமே இல்லை. வீட்டுக்கு வந்த பிசியோவும் கேட்கவில்லை.

நாலாவது வாரம் அவர் என்னைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, பிரேஸை (முட்டியைப் பிடித்து நிறுத்தும், கீல் வைத்த பட்டை) கழற்றி, கணுக்காலில் இரண்டு கிலோ மணல் பையைக் கட்டினார். "நல்லா நீட்டுங்க தம்பி, தொடை இளைச்சுப்போச்சு பாருங்க." கால் நேராகப் போகிற கடைசிக் கொஞ்ச தூரத்தில், உள்ளே எதுவோ முன்னால் இழுபட்டது. சொன்னேன். "அப்படித்தான் இருக்கும்" என்றார். முப்பது தடவை. சாயங்காலம் முட்டிச்சில்லு இருக்கும் இடமே தெரியாத அளவுக்கு வீக்கம்.

மறுநாள் கார் பிடித்து, பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கினோம். வளைவுக்கு வளைவு அம்மா என் குதிகாலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனால், "டாக்டர் தியேட்டர்ல இருக்கார், நாளைக்கு வாங்க." காலையில் போனில் "வாங்க" என்று சொன்னதும் அதே கவுண்டர்தான்! சேலத்திலேயே, அஸ்தம்பட்டியில் அத்தை வீட்டில் ராத்தங்கினோம். தூக்கமே இல்லை.

டாக்டர் காலைப் பிடித்து, கீழெலும்பை முன்னால் இழுத்துப் பார்த்தார். "கிராஃப்ட் கெட்டியா இருக்கு. நீர்தான் கோத்திருக்கு." அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

அவர் விளக்கியதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். உட்கார்ந்தபடி எடை கட்டி நீட்டும்போது முன்பக்கத் தொடைத்தசை கீழெலும்பை முன்னால் இழுக்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது இந்த ஜவ்வுதான். கடைசி 30, 40 டிகிரியில்தான் அதன்மேல் இழுப்பு அதிகம். புது கிராஃப்ட், அதைப் பொருத்த எலும்பில் போட்ட துளையோடு ஒட்டிப்பிடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். எனக்குத் தொடைக்குப் பின்னாலிருந்து எடுத்ததால், எடைக்கு எதிராகக் காலை மடக்கும் பயிற்சியும் இப்போதைக்குக் கூடாது. பாதம் தரையில் ஊன்றியபடி லேசாக மடங்கி எழலாம்.

நீட்டுவதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எடையில்லாமல், தானாகக் கால் நேராவது கட்டாயம் வேண்டும். "நோவுதா கண்ணு" என்று அம்மா பாசத்தோடு முட்டிக்கடியில் தலகாணி வைத்ததில், எனக்கு 5 டிகிரி நீளாமல் நின்றுபோயிருந்தது. சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கடியில் வையுங்கள், முட்டிக்கடியில் வேண்டாம். பிரேஸ் நழுவினால் கீல் முட்டிக்குக் கீழே போய்விடும். கழற்றி, முட்டிச்சில்லு மட்டத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே ஆபரேஷன் நோட்ஸையும், வாரவாரியாக என்ன செய்யலாம், எது கூடாது என்ற தாளையும் கேட்டு வாங்கிவிடுங்கள். டாக்டர் எனக்கு அந்த டிஸ்சார்ஜ் பேப்பரின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொடுத்தார். புதிதாக வரும் பிசியோ முதல் நாள் அதைப் படித்த பிறகுதான் காலையே தொட்டார். நேற்று அளந்தார்: நீட்டுவது 0 டிகிரி, அதாவது முழு நேர்; மடக்குவது 115 டிகிரி.